கோப்பையின் அடியைப் பார், அம்மணி

துடியலூர்

அன்புள்ள அம்மணிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. ரஷ்யாவில் மருத்துவம் படித்துத் திரும்பிய தோழி கொடுத்த ஒரு கப்பும் சாஸரும் உன்னை இந்தப் பாடு படுத்துகிறதா! அலமாரி நிறையச் சேர்க்கப் போகிறேன், எங்கே வாங்கலாம், என்ன விலை கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அந்த இரண்டுக்கும் கடைசியில் வருகிறேன். பணம் பிறகு செலவாகட்டும், முதலில் கண் பழகட்டும்.

மண்ணிலிருந்து தொடங்குவோம். தடாகம் பக்கத்து செங்கல் சேம்பர்களை, 2021-ல் மூடுவதற்கு முன், நீ பார்த்திருக்கிறாய். அந்தச் செம்மண்ணில் இரும்பு அதிகம், அதனால் சுட்டால் சிவக்கிறது. பீங்கானுக்கு வேண்டியது இரும்பு மிகக் குறைந்த வெள்ளைக் களிமண்; கேயலின் என்பார்கள். அதில் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்து, செங்கல் வேகும் சூட்டைவிட நானூறு டிகிரி போல ஏற்றி, ஏறக்குறைய 1,400 டிகிரியில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி, மீதியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. மெல்லிசான கப் நீர் உறிஞ்சாமல் உறுதியாக நிற்பதும், வெளிச்சத்தை உள்ளே விடுவதும் இதனால்தான்.

ஆகவே முதல் சோதனை வெளிச்சம். கப்பை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, பின்னால் விரலை வை. நல்ல பீங்கானில் விரலின் நிழல் தெரியும். இரண்டாவது சோதனை சத்தம். கப்பை விரல்நுனிகளில் நிறுத்தி, விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டு. மணிபோல நீண்டு ஒலித்தால் நலம். ‘டொக்’ என்று அடங்கினால் எங்கோ முடிக்கீறல் இருக்கிறது.

இந்த மண்கலவையைக் கண்டுபிடிக்க ரஷ்யர்கள் பட்டபாடு பெரிது. சீனர்கள் பல நூற்றாண்டுகள் காத்த ரகசியத்தை ஜெர்மானியர்கள் தாங்களே கண்டுபிடித்து, மைசன் நகரத்தில் 1710-ல் தொழிற்சாலை எழுப்பினார்கள். எலிசபெத் பேரரசி 1744-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தனக்கென ஒன்று தொடங்கினார். வெளியிலிருந்து வந்த நிபுணரால் காரியம் ஆகவில்லை. செய்து காட்டியவர் திமித்ரி வினோகிராதோவ். பின்னாளில் பெயர் பெற்ற விஞ்ஞானி லொமனோசவோடு ஜெர்மனிக்குப் போய்ச் சுரங்கவியலும் வேதியியலும் படித்தவர். அவர் குறிப்புகளை எழுதி வைத்தாக வேண்டும் என்பதற்காகக் கடைசிக் காலத்தில் காவல் போட்டே வேலை வாங்கினார்கள். நாற்பது வயதைத் தொடாமலே 1758-ல் இறந்தார். அந்தத் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது.

இப்போது கப்பைக் கவிழ்த்து அடியைப் பார். சேர்ப்பவரின் படிப்பில் பாதி அங்கேதான் நடக்கிறது. பீட்டர்ஸ்பர்க் தொழிற்சாலை ஜார் காலத்தில் ஆண்ட பேரரசரின் பெயரெழுத்தையும் கிரீடத்தையும் முத்திரையாக இட்டது. புரட்சிக்குப் பிறகு அரிவாள், சுத்தியல், பல்சக்கரம் வந்தன. 1925-ல் தொழிற்சாலைக்கு லொமனோசவ் பெயர் சூட்டினார்கள். 2005-ல் பழைய ‘இம்பீரியல்’ பெயருக்கே திரும்பியது. லொமனோசவ் காலத்துக் கப்புகளில் மூன்று ரஷ்ய எழுத்துகள் இருக்கும். நடு எழுத்து வட்டத்தை ஊடுருவி நேர்க்கோடு இறங்கியது போன்றது. ஏற்றுமதிக்குப் போனவற்றில் ‘மேட் இன் யு.எஸ்.எஸ்.ஆர்.’ என்றும் காணலாம். அப்படி இருந்தால் அது 1991-க்கு முந்தியது.

சுவையான ஒரு சங்கதி சொல்கிறேன். புரட்சி நடந்தபோது கிடங்கில் வண்ணம் தீட்டாத வெள்ளைக் கப்புகளும் தட்டுகளும் ஏராளமாகக் கிடந்தன. அடியில் ஜாரின் முத்திரை ஏற்கெனவே இருந்தது. புதிய அரசு அவற்றை வீணாக்கவில்லை. செர்கேய் செஹோனின் போன்ற ஓவியர்கள் அவற்றின்மேல் புரட்சி முழக்கங்களைத் தீட்டினார்கள்; பழைய முத்திரையை வண்ணத்தால் மறைத்துப் பக்கத்தில் புதியதை இட்டார்கள். இரண்டு ஆட்சியும் ஒரே அடியில்! இன்று ஏலங்களில் பெரும் விலைக்குப் போவது அந்த வகைதான். போலிகள் மொய்ப்பதும் அங்கேதான், நீ அந்தப் பக்கமே போகாதே.

அடி முடிந்தது, மேலே வருவோம். வண்ணம் இரண்டு இடத்தில் இருக்கலாம்: பளபளக்கும் மேற்பூச்சுக்கு அடியில் அல்லது அதன் மேல். கோபால்ட் நீலம் அடியில் போவது. மாஸ்கோவுக்கு அருகே உள்ள கெஷெல் ஊர்க்காரர்கள் இதில் தேர்ந்தவர்கள். அவர்கள் தீட்டும்போது அந்தச் சாயம் கருப்பாகத்தான் இருக்கும். சூளையிலிருந்து வெளியே வந்த பிறகே நீலம் தெரியும். தூரிகையின் ஒரு பக்கம் சாயம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் எடுத்து, ஒரே இழுப்பில் அடர்ந்த நீலத்திலிருந்து வெளிறிய நீலம் வரை இதழ் விரிப்பார்கள். தீட்டும்போது கண்ணுக்குத் தெரியாத நிறத்தைக் கணக்கு வைத்து வேலை செய்யும் கை அது. தங்கமும் சிவப்பும் அந்தப் பெருஞ்சூட்டைத் தாங்காது. மேற்பூச்சின் மேல் தீட்டி, இன்னொரு முறை குறைந்த சூட்டில் சுடுவார்கள்.

உன் தோழி கொடுத்தது நீல வலைக்கோலமும் சந்திப்புகளில் தங்கப் பொட்டும் உள்ளது என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அது ‘கோபால்ட் வலை’. வரைந்தவர் அன்னா யாட்ஸ்கேவிச். லொமனோசவ் முத்திரையை வடிவமைத்ததும் இவரே. இரண்டாம் உலகப்போரில் லெனின்கிராட் (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) முற்றுகை முழுவதையும் அந்த நகரத்திலேயே கழித்தவர். குண்டு அதிர்ச்சியில் கண்ணாடி சிதறாமலிருக்க ஜன்னல்களில் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதம் ஒட்டியிருந்தார்களே, அதுதான் இந்த வலை என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் எலிசபெத் பேரரசிக்கு வினோகிராதோவ் காலத்தில் செய்த செட்டிலேயே வலைக்கோலம் இருக்கிறது. கதையை ரசி, முன்னோடியையும் மறக்காதே. 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் இந்தக் கோலம் தங்கப் பதக்கம் வாங்கியது. யாட்ஸ்கேவிச் அதற்கு ஆறு வருடம் முன்பே இறந்துவிட்டார்.

அந்தக் கப்பில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டு. நீலக் கோடு பூச்சுக்கு அடியில் இருப்பதால் வழவழவென்றிருக்கும். தங்கப் பொட்டு மேலே இருப்பதால் விரலில் தட்டும். பிறகு நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிப் பார். அச்சு ஒட்டுப்படமாக இருந்தால், செய்தித்தாள் படத்தில் போல ஒழுங்கான புள்ளி வரிசை தெரியும். கையால் தீட்டியதில் தூரிகை தொடங்கிய இடத்தில் சாயம் தேங்கியிருக்கும், முடிந்த இடத்தில் மயிரிழையாய்ப் பிரியும். இரண்டு பூ ஒன்றுபோல இராது. அவுட்லைன் மட்டும் அச்சு, உள்ளே நிரப்பியது மட்டும் கை என்ற பாதிப் பாதி வேலையும் சந்தையில் நிறைய. விற்கிறவர் ‘ஹேண்ட் பெயிண்டட்’ என்று சொன்னால், எந்தப் பாதி என்று கேள்.

பீட்டர்ஸ்பர்க் மட்டும்தான் ரஷ்யா என்று நினைக்காதே. பிரான்சிஸ் கார்ட்னர் என்ற ஆங்கிலேய வணிகர் 1766-ல் வெர்பில்கியில் தொடங்கிய தொழிற்சாலையின் கப்புகள் மத்திய ஆசியா, ஆப்கானிஸ்தான் வரை போயின; உடைந்தாலும் எறியாமல் உலோகத் தையல் போட்டு அங்கே பயன்படுத்தினார்கள். 1892-ல் அதை குஸ்னெத்சோவ் குடும்பம் வாங்கியது. அதே குடும்பம் 1832-ல் தொடங்கிய துலேவோ இன்னொரு உலகம்: பெரிய ரோஜா, தாராளமான தூரிகை, ஊர்ச்சந்தையில் விற்கச் செய்த வேகம். 1937 பாரிஸ் கண்காட்சியில் துலேவோவின் ‘அழகி’ என்ற செட் உயர்ந்த பரிசு பெற்றது. உன் சம்பளத்துக்கு ஏற்றது சோவியத் கால துலேவோதான். கையின் வேகம் தெரியும்படி தீட்டியிருப்பதால் கண் பழகவும் அதுவே நல்ல பாடம்.

இந்தக் கப்புகளுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று உன் அம்மா கேட்பாள். வீட்டு வாசலில் ஓடும் மேட்டுப்பாளையம் ரோட்டைக் காட்டு; நீலகிரித் தேயிலை மலையிலிருந்து இறங்கும் வழி அது. 1963-ல் குன்னூரில் தேயிலை ஏலம் தொடங்கிய பிறகு, நீலகிரித் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று சோவியத் யூனியன். அங்கே கடைகளில் யானைப் படம் போட்ட இந்தியத் தேயிலைப் பொட்டலத்துக்கு அடிதடியே நடக்கும். அந்த நாடு 1991-ல் உடைந்தபோது மலையில் சிறு விவசாயிகளும் அடி வாங்கினார்கள். கடுந்தேநீரைக் கப்பில் கொஞ்சம் ஊற்றி, சமோவார் என்ற கொதிகலத்தின் வெந்நீரால் நிரப்பிக் குடிப்பது ரஷ்யர்கள் வழக்கம். பழைய வணிகர் வீடுகளில் சாஸரில் ஊற்றியும் உறிஞ்சினார்கள். ஓவியர் குஸ்தோதியெவ் 1918-ல் வரைந்த வணிகர் மனைவியின் ஓவியத்தைத் தேடிப் பார். பழைய சாஸர்கள் கிண்ணம் போலக் குழிந்திருக்கும் காரணம் புரியும்.

சில எச்சரிக்கைகள். கப்பும் சாஸரும் ஒரே முத்திரை, ஒரே வெண்மையா என்று பார். வேறு வேறு செட்டிலிருந்து சேர்த்துவைத்து ஜோடி என்று விற்பார்கள். ஒட்டிப் பூசிய இடம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் யு.வி. டார்ச் வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரியும். நூறு வயது கடந்த கலைப்பொருள் நம் 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள்; உரிமம் இல்லாதவர் அதை வியாபாரம் செய்யக் கூடாது, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகவும் முடியாது. ரஷ்யாவிலிருந்து பழையதைக் கொண்டுவரவும் அங்கே அனுமதிச் சீட்டு வேண்டும்.

கழுவும்போது பிளாஸ்டிக் பேசினில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில், ஒன்று ஒன்றாக. தங்கம் உள்ளதை மைக்ரோவேவில் வைக்காதே, நார் போட்டுத் தேய்க்காதே. காது கப்பின் பலவீனமான இடம். கொக்கியில் மாட்டாதே, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதே. உள்பக்கம் வண்ணம் தீட்டிய பழைய கப்பில் எலுமிச்சை டீ மட்டும் வேண்டாம். பழைய சாயங்களில் ஈயம் இருக்கலாம், புளிப்பு அதை இறக்கும். புதியவற்றில் தாராளமாகக் குடி.

இனி உன் இரண்டு கேள்வி. எங்கே வாங்குவது? நேரில் கவிழ்த்துப் பார்க்க முடிகிற இடத்தில். தொலைவிலிருந்து வாங்குவதானால் அடி, விளிம்பு, காது மூன்றுக்கும் தனித்தனிப் படம் கேள், தராதவரிடம் வாங்காதே. அதற்கு முன், ஹைதராபாத் போகும்போது சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் ஐரோப்பியப் பீங்கான் பகுதியில் ஒரு நாள் நின்று வா. விலைக்கு ஒரே ஒரு விதி சொல்கிறேன்: நோட்டு ஒன்று போடு. பிடித்த கப்பைப் பற்றி, விலையையும் விற்றவர் சொன்னதையும் சேர்க்காமல், நீயே பார்த்ததை வைத்துப் பத்து வரி எழுது. எழுத வந்தால் வாங்கு. மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டால் வைத்துவிட்டு வா.

முதல் பத்து வரி தோழி கொடுத்த கப்பைப் பற்றி இருக்கட்டும். அடுத்த கடிதத்தில் அதை அனுப்பு, திருத்தி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பிச்சி