பக்கத்து வீட்டில் ஒருவர் உடைந்துபோயிருந்தால்

சென்னைப் புறநகரான ஊரப்பாக்கத்து அடுக்ககங்களில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வதே முதல் உதவி.

‘நான் இருந்து என்ன பயன்’ என்று ஒருவர் சொன்னால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனம்விட்டுப் பேச வழி கிடைக்கும். புத்திமதி வேண்டாம். தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416. கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம். 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘சிநேகா’வில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள்: 044-24640050.

உடைந்துபோனவர் குடிப்பவராகவும் இருந்தால், ஓர் எச்சரிக்கை. பல வருடம் தினமும் குடித்தவரை, ‘இன்றே நிறுத்து’ என்று வீட்டில் அடைத்துவைக்காதீர்கள். திடீரென நிறுத்தினால் நடுக்கம், பிதற்றல், வலிப்பு வரலாம்; உயிருக்கே ஆபத்து. மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஊரப்பாக்கத்திலிருந்து நேராக மின்ரயில் இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அடையாறு டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. மனைவி, பிள்ளைகளும் நொந்துபோனவர்கள்தானே.

சிகிச்சை முடிந்து வருபவரை ஒதுக்காமல் தெரு விசேஷங்களுக்குக் கூப்பிடுங்கள். ‘ஒரே ஒரு கிளாஸ்’ என்று மட்டும் யாரும் நீட்டாதீர்கள்.