சர்க்கரை நோய்க்கு இவ்வளவும் கேட்டுப் பெறுங்கள்!

காரக்கோணம், பாறசாலைப் பக்கம் பலருக்குக் கேரளத்தில் வீடு, தமிழ்நாட்டில் மருத்துவர். எங்கே பார்த்தாலும் மாத்திரைச் சீட்டோடு திரும்பிவிடாதீர்கள். இவை உங்கள் உரிமை:

* மூன்று மாதச் சராசரி சர்க்கரை (எச்பிஏ1சி): கட்டுக்குள் வரும்வரை 3 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. பலருக்கு இலக்கு 7 சதவீதத்துக்குக் கீழ். முதியவர்களுக்குச் சற்று மாறும்.

* ரத்த அழுத்தம்: போகும்போதெல்லாம்.

* ஆண்டுக்கு ஒருமுறை: கண் விழித்திரை, சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், கொழுப்பு, பாத உணர்ச்சி. பார்வை தெளிவாக இருந்தாலும் விழித்திரை கெட்டிருக்கலாம். கேரள அரசின் 'நயனாமிர்தம்' திட்டத்தில் குடும்ப சுகாதார மையங்களிலேயே விழித்திரையைப் படமெடுத்துப் பார்க்கிறார்கள், விசாரியுங்கள்.

* பாதம்: ரப்பர் தோட்டத்துக்கு வெறுங்காலோடு போகாதீர்கள். இரவில் விரலிடுக்கைப் பாருங்கள். ஆறாத புண்ணுக்குக் கைவைத்தியம் வேண்டாம்.

* தாழ்சர்க்கரை: நடுக்கம், வியர்வை வந்து அளவு 70-க்குக் கீழ் போனால் 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

* ஒரே நோட்டு: எல்லா முடிவுகளையும் மருந்துகளையும் அதில் எழுதி, எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எங்கே போனாலும் காட்டுங்கள். ஒரே மருந்து இரு பெயரில் இரட்டிப்பாகாமல் அது காக்கும்.