திரைப்பள்ளியும் ஊர்ப்பள்ளியும்

கேள்வி: பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து பள்ளியைச் சீர்திருத்தப் போராடும் கதை தமிழ்த் திரையில் உண்டா? (ஒரு வாசகர், திருச்சுழி)

பதில்: அன்பழகன் இயக்கத்தில் 2012இல் வெளியான ‘சாட்டை’ இவ்வகையில் குறிப்பிடத்தக்கது, எனினும் அதிலும், 2019இல் வந்த ‘ராட்சசி’யிலும், தனியொருவரே அரசுப் பள்ளியை மீட்பவராக நிற்க, பெற்றோர் துணைப்பாத்திரங்களாகவே சுருங்கிவிடுகின்றனர். அதே 2012இல் வந்த அமெரிக்கப் படமான ‘வோன்ட் பேக் டவுன்’, ஒரு தாயையும் ஓர் ஆசிரியையையும் இணைத்தே களமிறக்கியது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்குப் பின்னதே பொருந்தும்; ஏனெனில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுத்து நிதிச் செலவைக் கண்காணிக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில், நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். கேள்வி கேட்ட வாசகர் தம் ஊர்ப்பள்ளியின் அடுத்த குழுக் கூட்டத்துக்குத் தவறாது செல்க.