சுவிட்சைப் போடும் முன்

அன்புள்ள யாழினிக்கு,

கூரியரில் வந்த கணினிப் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள். பலரும் என்ன செய்கிறார்கள்? அவசர அவசரமாகப் பிரித்து, பிளக்கைச் செருகி, ஓடுகிறதா பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டுவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வழியில் நேர்ந்த சேதம் பல நேரங்களில் சின்னதாகவே இருக்கும். மின்சாரம் பாய்ந்த பிறகுதான் பெரிதாகும். அதன்பின் எது லாரியில் உடைந்தது, எது வீட்டில் கருகியது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பொருளும் போகும், சாட்சியும் போகும்.

உள்ளே நடப்பதைப் பார். பிராசஸர் மேல் பொருத்தும் பெரிய ஏர் கூலர்களில் சில ஒரு கிலோவைத் தாண்டும். வண்டி குழியில் விழும்போதெல்லாம் அந்தக் கனம் மதர்போர்டை வளைக்கிறது. போர்டில் வரிசையாக ஒட்டியிருக்கும் பீங்கான் கெபாசிட்டர்களில் பல, அரிசி நொய்யைவிடச் சிறியவை. பீங்கான் என்பதால் வளையத் தெரியாமல் விரிசல் விட்டுவிடும். விரிசல் அடிப்புறம் சாலிடரை ஒட்டி ஓடுவதால் மேலே ஒன்றும் தெரியாது. மின்னழுத்தம் வந்ததும் அது ஷார்ட் ஆகி, பக்கத்தில் இருப்பதையும் எரிக்கலாம். கழன்ற ஸ்க்ரூ ஒன்று போர்டின் மேல் கிடந்தாலும் இதே கதிதான். ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் அடிபட்டிருந்தால், தட்டு சுழலச் சுழல அதில் இருக்கும் தகவலையும் சேர்த்துச் சுரண்டிவிடும்.

போட்டுப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. போடவே வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசியில் போடு என்கிறேன். முதலில் பெட்டியின் ஆறு பக்கத்தையும், முகவரி லேபிளையும் படம் எடு. பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடு. கேபினெட்டை மெல்லச் சாய்த்து, உள்ளே ஏதாவது உருள்கிறதா என்று கேள். பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார். கிராபிக்ஸ் கார்டு, ரேம், கூலர் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால் சுவிட்சைப் போடலாம். ஒன்று பிசகியிருந்தாலும் கை வைக்காமல் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே நிறுத்து. டிவி, போன் போன்றவற்றைத் திறக்கவே வேண்டாம், வாரண்டி போய்விடும். அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் எறிந்துவிடாதே. பேக்கிங் போதாததா, வழியில் போட்டு உடைத்தார்களா என்பதை அவைதான் காட்டும்.

வாசலில் கூரியர்காரர் காத்து நிற்கும்போது இவ்வளவும் முடியுமா? முடியாது. ஆனால் கையெழுத்தின் பக்கத்தில் ‘பெட்டி நசுங்கியுள்ளது’ என்று எழுத அரை நிமிடம் போதும். கொண்டுவந்தவரிடம் கோபப்படாதே, கீழே போட்டது பெரும்பாலும் அவராக இருக்காது. வெளிநாட்டிலிருந்து விமானச் சரக்காக வந்தால் 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டாலே, பொருள் நல்ல நிலையில் வந்ததற்கு அது முதற்கட்டச் சான்று. சேதத்தை 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உள்நாட்டு லாரி சரக்குக்கு, 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதே, கடைக்காரர் தரும் கெடு சில நாள்தான். ஆன்லைனில் வாங்கியிருந்தால் கூரியர் ஆபீசுக்கு அலையாமல் விற்றவரையே பிடி. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. தட்டிக்கழித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழை.

லித்தியம் பேட்டரி உப்பியோ நசுங்கியோ இருந்தால் மட்டும் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். சார்ஜ் போடாதே, அழுத்திப் பார்க்காதே. எரியக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் தனியாக வை. அடிபட்ட லித்தியம் பேட்டரி பல மணி நேரம் கழித்தும் தீப்பற்றலாம், அதனால்தான் அதை விமானத்தில் ஏற்றத் தடை இருக்கிறது. விற்றவர் திருப்பி அனுப்பச் சொன்னால் சாதாரணப் பார்சலில் போட்டுவிடாமல், பேட்டரி சேதமடைந்திருப்பதை எழுத்தில் சொல்லி, அவரையே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
மாமா