அங்கீகாரம் ரத்து ஆணை வந்தால்: மதுரைக்குப் போகுமுன்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஐ.டி.ஐ.யில் பிள்ளையைச் சேர்க்கிற பெற்றோரில் பலர் பட்டாசு ஆபீசிலும் தீப்பெட்டி ஆபீசிலும் கூலி வேலை பார்க்கிறவர்கள். தாங்கள் மருந்தில் கை வைத்தது போதும், பிள்ளை ஃபிட்டராகவோ எலக்ட்ரீசியனாகவோ பிழைக்கட்டும் என்று கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள். அந்த நிலையத்தின் அங்கீகாரத்தை அரசு ரத்து செய்தால் முதல் அடி அவர்களுக்குத்தான். நிர்வாகம் வழக்குக்குப் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் போகும் விதம் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்த அன்றே வழக்கு தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உயர்நீதிமன்றம் உங்கள் பட்டறைக்கு வந்து லேத் மெஷினை எண்ணிப் பார்க்காது. நோட்டீஸ் கொடுத்தார்களா, குறை என்னவென்று சொன்னார்களா, உங்கள் பதிலைப் படித்தார்களா, காரணம் எழுதினார்களா என்றுதான் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் தொழிற்பயிற்சி ஒழுங்குமுறை அமைப்பின் முடிவைத் தீர்ப்பாயம் ஒன்று ஆதாரங்களோடு புதிதாகவே ஆராய்ந்து மாற்றலாம். நமக்கு அந்த வசதி இல்லை. பதிலில் நீங்கள் சொல்லாமல் விட்டதைப் பிறகு ரிட் மனுவில் சொன்னால் அதற்கு மதிப்புக் குறைவு.

ஆகவே ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். மின் இணைப்பின் அளவு, கட்டட உறுதிச் சான்று, பயிற்றுநரின் தகுதிச் சான்று, இயந்திரம் வாங்கிய ரசீது எல்லாவற்றையும் பக்க எண் போட்டு இணையுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். ஆய்வறிக்கையின் நகல் தராவிட்டால் அதையும் பதிலிலேயே குறிப்பிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழும் கேளுங்கள். குறை உண்மையாக இருந்தால் ஒப்புக்கொண்டு, எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள் என்று எழுதுங்கள். நேர்மையான அவகாசக் கோரிக்கையை அதிகாரி எளிதில் ஒதுக்க முடியாது. ஒதுக்கினால் காரணம் எழுத வேண்டிவரும்.

ரத்து ஆணையை வரி வரியாகப் படியுங்கள். மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் கைகொடுக்கும்: ஆணையில் எழுதாத காரணத்தை அரசு பிறகு நீதிமன்றப் பதில் மனுவில் சேர்த்து அந்த ஆணையைக் காப்பாற்ற முடியாது. ‘விளக்கம் ஏற்புடையதாக இல்லை’ என்ற ஒற்றை வரியோடு ஆணை முடிந்தால், உங்கள் வழக்கின் உயிர்நாடியே அந்த வரிதான்.

வழக்கை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தொடுக்கலாம். ஆணை டெல்லியிலிருந்தோ கிண்டியிலிருந்தோ வந்திருந்தாலும், நிலையம் இங்கே இருக்கிறது, பாதிப்பும் இங்கேதான். அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. இந்தப் பிரிவில் காலக்கெடு இல்லை என்று அசட்டையாக இருக்க வேண்டாம். சேர்க்கை முடிந்து, தேர்வும் நெருங்கிய பிறகு போய் நின்றால் ‘இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

இடைக்காலத் தடை கேட்கும்போது, ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் தேர்வுக்கும் தனியாக உத்தரவு கேளுங்கள். தடை கிடைத்தால் பெற்றோரைக் கூப்பிட்டு, இது முடிவான தீர்ப்பு அல்ல என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

பட்டாசு ஆலைக்காரர் சொல்லும் வழியில் அப்படியே போகாதீர்கள். வெடிபொருள் அதிகாரிகள் நாக்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ கொடுத்த லைசென்ஸ் ரத்தானால் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்திலேயே மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. அதைத் தாண்டி நேரே நீதிமன்றம் போனால் திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். தொழிற்பயிற்சியின் கதை வேறு. அதை ஒழுங்குபடுத்தும் தேசிய தொழிற்கல்வி, பயிற்சிக் குழுமம் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தது அல்ல. 2018 டிசம்பர் 5-ஆம் தேதி அரசு அறிவிக்கையால் வந்தது. ஐ.டி.ஐ. அங்கீகாரமும் நிர்வாக விதிமுறைகளின்படியே நடக்கிறது. அந்த விதிமுறையிலோ ஆணையிலோ மறுபரிசீலனைக்கு இடம் இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். வேறு வழி இருந்தும் நேரே ரிட் போட வேண்டுமென்றால், இயற்கை நீதி மீறப்பட்டது போன்ற வலுவான காரணம் வேண்டும். 1998-இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதிவிலக்குகளை வரிசைப்படுத்தியிருக்கிறது.

பெரிய தீர்ப்பின் பெயரைக் கேட்டதும் மயங்கிவிட வேண்டாம். மத்திய அமைப்பு வகுத்த தரத்துக்கு மேல் மாநில அரசு கேட்க முடியாது என்று ஓசூர் அதியமான் பொறியியல் கல்லூரி விவகாரத்தில் 1995-இல் தீர்ப்பு வந்தது. அது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழும (ஏ.ஐ.சி.டி.இ.) சட்டத்தை வைத்துச் சொன்னது. உங்கள் வழக்குக்கு அது துணைக்கு வரலாம், தூணாக நிற்காது.

உண்மையை மறைக்காதீர்கள். பழைய நோட்டீஸ், முந்தைய ஆய்வு, வேறு நீதிமன்றத்தில் கிடக்கும் மனு எதையும் விடக்கூடாது. மறைத்தது தெரிந்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் மனு தள்ளுபடியாகும். வருகைப் பதிவேட்டைப் பின்தேதியிட்டு எழுதுவது அதைவிட மோசம்; அது குற்ற வழக்கு.

ரத்து ஆணை நடப்பில் இருக்கும்போது, தடை இல்லாமல், ஒரு பிள்ளையைக்கூடச் சேர்க்காதீர்கள். ‘கேஸ் நடக்குது, ஜெயிச்சிருவோம்’ என்று சொல்லிக் கட்டணம் வாங்குவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் அங்கீகாரம் இல்லாத ஆசிரியர் பயிற்சி நிலையங்களின் மாணவர்களைத் தேர்வெழுத விட வேண்டும் என்று உயர்நீதிமன்றம் இரக்கப்பட்டு உத்தரவிட்டது. 1991-இல் செயின்ட் ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் செய்த தவறு, விளம்பரப் பலகையை நம்பியது மட்டும்தான்.

வழக்கு முடியட்டும் என்று பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் பிடித்து வைக்காதீர்கள். வேறு நிலையத்துக்கு மாற விரும்புகிறவருக்கு அன்றே எடுத்துக் கொடுங்கள். வெல்டர் பயிற்சி மொத்தமே ஓராண்டுதான். நீங்கள் இரண்டு வாய்தா காத்திருப்பதற்குள் அது கழிந்துவிடும்.