ஆலையின் தொலைபேசியும் ஊரின் தொலைபேசியும்

சென்னை மாநகரின் வடபால், மணலியை அடுத்துக் கொசத்தலையாற்றின் அருகே அமைந்துள்ளது சடையங்குப்பம் என்னும் சிற்றூர். பூண்டி நீர்த்தேக்கத்தின் மதகுகள் திறக்கப்படும்போது, வெள்ள எச்சரிக்கையில் பெயர் சுட்டப்பெறும் ஊர்களுள் இதுவும் ஒன்று. 1965ஆம் ஆண்டில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனமும், அதற்கடுத்த ஆண்டில் உர நிறுவனமும் தோன்றியபின் மணலி வட்டாரம் ஆலைகள் மலிந்த இடமாயிற்று.

பேராலை ஒன்று தனக்குள்ளே ஓர் ஊர் போன்றது. வாயிற்காவல், கொதிகலன் கூடம், சரக்கறை, மருத்துவ அறை என நூறு இடங்களில் அங்கே தொலைபேசிகள் இருத்தல் கூடும். இவை தமக்குள் பேசிக்கொள்ளுதற்கு ஆலையினுள்ளேயே ஒரு சிறு இணைப்பகம் உண்டு. அதனைப் பி.பி.எக்ஸ். என்றும், அதனோடு பிணித்த கருவி ஒவ்வொன்றையும் எக்ஸ்டென்ஷன் என்றும் ஊழியர் வழங்குவர். ஆனால் உள்ளே எவ்வளவு பேசினும் வெளியார்க்கு அது கேளாது. ஊரோடு பேச வேண்டுமாயின், இச்சிற்றிணைப்பகத்தைப் பொதுத் தொலைபேசி வலையோடு பிணைத்தல் வேண்டும். அப்பிணைப்பின் இயல்பை ஈண்டுக் காண்போம்.

சென்னையில் முதற் பொது இணைப்பகம் 1882ஆம் ஆண்டில் எர்ரபாலு செட்டி தெருவில் திறக்கப்பெற்றது. அந்நாளில் ஆப்பரேட்டர் ஒருவர் பலகை முன் அமர்ந்து, ஒருவர் கம்பியை மற்றவர் கம்பியோடு கையால் இணைப்பார். அமெரிக்க நாட்டில் ஸ்ட்ரோஜர் என்பார் 1891இல் காப்புரிமை பெற்ற தானியங்கிப் பொறி, அவ்வேலையைப் பின்னர் ஏற்றுக்கொண்டது. அவர் பிணங்களை அடக்கம் செய்விக்கும் தொழிலினர் என்பது வியப்பிற்குரியது.

ஆலையையும் ஊரையும் இணைக்கும் தடங்களுக்கு 'டிரங்க்' என்பது பெயர். அடிமரத்தையும் அச்சொல் குறிக்கும். கிளைகள் நூறாயினும் அடிமரம் ஒன்றாதல் போல, நூறு கருவிகட்கு நூறு தடங்கள் வேண்டா. அனைவரும் ஒரே நேரத்தில் வெளியாரோடு பேசுவதில்லை அன்றோ? எனின், எத்தனை வேண்டும்? இவ்வினாவிற்குக் கணிதத்தால் விடை கண்டவர் டென்மார்க்கு நாட்டு எர்லாங்கு என்னும் அறிஞர். ஓர் ஆலையில் மிக நெருக்கடியான ஒரு மணி நேரத்தில், மூன்று மூன்று நிமிடங்கள் நீளும் 60 அழைப்புகள் எழுவதாகக் கொள்வோம். மொத்தம் 180 நிமிடங்கள். எனவே மூன்று தடங்கள் போதும் என்று தோன்றும். ஆனால் அழைப்புகள் வரிசையில் நின்று வருவன அல்ல. மூன்றே தடங்கள் இருப்பின், மூன்றில் ஓர் அழைப்பிற்கு மேல் இடமின்றித் திரும்பும். எட்டுத் தடங்கள் இருப்பின், நூற்றில் ஒன்றுகூடத் திரும்பாது. இக்காலத்தில் ஒரே இணைப்பில் 30 உரையாடல்கள் ஒருங்கே செல்லும் முறையும், இணையத்தின் வழியே குரலைச் செலுத்தும் முறையும் வந்துள்ளன. கணக்கு மட்டும் மாறவில்லை.

எனினும், இக்கணக்கு அமைதியான நாளுக்கே உரியது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இரவு, எண்ணூரை அடுத்த பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் பலர் மருத்துவமனை சேர்ந்தனர். இத்தகைய இரவில் அழைப்புகள் எல்லாம் ஒரே நொடியில் எழும். ஆதலின், ஒரு தடத்தையேனும் நாட்பணிக்குக் கொடாது ஒதுக்கி வைத்தல் இன்றியமையாதது.

வெளியே செல்லும் முறையும் கருதற்குரியது. ஆலைக் கருவியில் 0 அல்லது 9 என்னும் எண்ணை முதலில் அழுத்தினாலன்றி வெளித்தடம் கிட்டாமை பெருவழக்கு. 2013ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்து விடுதி அறை ஒன்றில் ஒரு தாய் தாக்கப்பட்டாள். அவளுடைய ஒன்பது வயது மகள் 911 என்னும் உதவி எண்ணை நான்கு முறை அழைத்தாள். முன்னே 9 சேர்த்தல் வேண்டும் என்பதனை அச்சிறுமி அறியாள், அழைப்பு வெளியே செல்லவில்லை, தாய் மாண்டாள். முன்னெண் இன்றியே உதவி எண் செல்லுதல் வேண்டும் என அந்நாட்டில் 2018இல் சட்டம் இயற்றினர். நம் ஆலைகளிலும் 112, 108, 101 ஆகியவை நேரே செல்லுமாறு பொறியை அமைத்தல் இயலும். அதற்கு உள்ளெண்கள் 1இல் தொடங்காமல் 2 முதலியவற்றில் தொடங்குதல் நலம். இன்றேல் பொறி, உள்ளழைப்போ வெளியழைப்போ எனத் தடுமாறும்.

இனி மின்சாரம் பற்றியது. ஆலையின் மின்சாரம் நின்றால் சிற்றிணைப்பகமும் நிற்கும். பழைய செப்புக் கம்பியோ, பொது இணைப்பகத்தின் மின்கலத்திலிருந்தே ஆற்றல் பெறுவது. ஆகவே மின்சாரம் அற்றவுடன் ஒரு செப்புத் தடம் தானாகவே வாயிற்காவலர் கருவியோடு நேரே சேருமாறு பொறியாளர் அமைத்திருந்தனர். இன்று செப்புக் கம்பியின் இடத்தைக் கண்ணாடி இழை பெற்று வருகின்றது. இழை ஒளியைக் கொணருமேயன்றி மின்சாரத்தைக் கொணராது. அதன் முனையிலுள்ள பெட்டிக்கு ஆலையே மின்சாரம் தருதல் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நாட்கணக்கில் தடைப்பட்டிருந்தது. ஆதலின், அப்பெட்டிக்குரிய மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதனை, இணைப்புத் தரும் நாளிலேயே கேட்டறிந்து, வாயிலறைச் சுவரில் எழுதி வைப்பர் விவரமறிந்த பொறியாளர்.