தேக்கு: பார்த்து வாங்குவோம், சொல்லி விற்போம்



தேக்கு என்று கேட்டதும் பலரும் பெயருக்கே பணம் கொடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படி விற்றவன்தான். 1980களில், தொழிலுக்கு வந்த புதிதில், ஒருவருக்கு வாசல் நிலைக்குக் கட்டை கொடுத்தேன். ஒரு ஓரம் வெள்ளை. "பாலிஷில் மறைந்துவிடும் முதலாளி" என்றார் ஆசாரி. நானும் தலையாட்டினேன். இரண்டு மழைக்காலம் போனதும் அவர் என்னை வீட்டுக்கே அழைத்துப் போய்க் காட்டினார். வெள்ளைப் பகுதியைக் கரையான் தின்றிருந்தது. வைரம் பாய்ந்த பகுதி அப்படியே நின்றது. புது நிலை என் செலவு. அதன்பின் அவர் என் கடைப்படி ஏறவில்லை.

வைரத்தில் உள்ள எண்ணெய்ச் சத்துதான் கரையானைத் தடுக்கிறது. வெள்ளையில் அது இல்லை. ஆகவே தேக்கா என்பதோடு, வைரம் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

அடையாளம் காண, கட்டையின் வெட்டு முகத்தைக் கூரிய உளியால் சீவுங்கள். ஆண்டு வளையத்தை ஒட்டிப் பெரிய துளைகள் வரிசையாகக் கண்ணுக்கே தெரியும். புதிதாக இழைத்தால் பழைய தோல் வாசனை வரும். தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. அறுத்தவுடன் பச்சையும் கறுப்புமாகத் திட்டு இருந்தால் பயப்பட வேண்டாம், வெளிச்சம் பட்டால் பொன்னிறமாகிவிடும். மேல் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சாயம் ஏற்றிய மரத்தை ஓரிடத்தில் இழைத்துப் பார்த்தாலே குட்டு வெளிப்படும்.

பர்மாவில் மரத்தை நின்றபடியே பட்டை வளையமாக வெட்டி, இரண்டு மூன்று ஆண்டு காயவிட்டுச் சாய்ப்பது வழக்கமாக இருந்தது. பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது! அந்நாடு 2014 ஏப்ரல் முதல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கானா, தான்சானியா, ஈக்வடார் தோட்டத் தேக்கும் தேக்குதான். ஆனால் இளம் வயதில் வெட்டுவதால் வெள்ளை அதிகம்.

கணக்கைப் பாருங்கள். 4 அடி சுற்று, 10 அடி நீளக் கட்டை. சுற்றில் கால் பங்கு 1 அடி. 1 x 1 x 10, ஆக 10 கன அடி. விட்டம் 15 அங்குலத்துக்குச் சற்று மேல். சுற்றிலும் ஒன்றரை அங்குலம் வெள்ளை இருந்தால் வைரம் 12 அங்குலச் சொச்சம்தான். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளை! விலை பேசும்போது இதைக் கழித்துப் பேசுங்கள்.

வேலைக்கு வந்தால், தேக்கில் மணற்சத்து உண்டு. ரம்பமும் உளியும் சீக்கிரம் மழுங்கும். கூலி பேசும்போது ஆசாரி முனகினால் நியாயம்தான். இழைத்த அன்றே பசை போடுங்கள், நாளானால் எண்ணெய் மேலேறிப் பசை பிடிக்காது. ஆணிக்கு முன்னால் துளை போட்டுக்கொள்வது நல்லது. தூள் சிலருக்கு உடம்பில் அரிப்பு உண்டாக்கும்.

பில்லில் எந்த நாட்டுத் தேக்கு, வெள்ளை எவ்வளவு என்று எழுதிவிடுங்கள். நான் அப்படித்தான் எழுதுகிறேன்.